தொகை இறங்கினால் வேலையும் இறங்கட்டும்: ஃப்ரீலான்ஸ் கலைஞர்கள் பேரம் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

நான் ஃப்ரீலான்ஸாகப் படம் வரைய ஆரம்பித்த முதல் வருடம். ஒரு நிறுவனத்திலிருந்து போன். பன்னிரண்டு படங்களும் ஓர் அட்டையும் வேண்டும் என்றார்கள். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டதும், மனதில் இருந்த தொகை தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாயில் வந்தது அதில் பாதி. "சரி, ஆரம்பிச்சிடுங்க" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: அவ்வளவு வேகமாக வரும் "சரி" நல்ல சகுனம் இல்லை. மூன்று வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை பதினோரு வாரம் இழுத்தது. அதற்கும் என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். எத்தனை முறை திருத்தித் தருவேன் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பேரம் என்றாலே நம்மில் பலருக்குக் கூச்சம். நான் ஒரு தொகை சொல்ல, அவர் ஒரு தொகை சொல்ல, நடுவில் எங்கோ முடிவது என்றுதான் நினைக்கிறோம். அப்படிப் பேசினால் தோற்பது பெரும்பாலும் நாம்தான், ஏனென்றால் அங்கே நகர்வது ஒரே ஒரு எண். உண்மையில் மேசையில் இருப்பவை நிறைய: எத்தனை படம், எத்தனை நாள், எத்தனை திருத்தம், படத்தை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், பணம் எப்போது வரும். நான் இப்போது பின்பற்றுவது ஒரே விதி. தொகை இறங்கினால், இவற்றில் ஏதாவது ஒன்றும் கூடவே இறங்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விதியை எப்படிப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது என்பதற்குத்தான்.

1. போன் வருவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள்

எந்தத் தொகைக்குக் கீழே போனால் நஷ்டம் என்று தெரியாதவர் பேரம் பேச முடியாது. அந்தத் தொகையை உள்ளுணர்வு சொல்லாது, கணக்குதான் சொல்லும்.

வருடத்துக்கு 365 நாள். சனி ஞாயிறு 104 போனால் மிச்சம் 261. பண்டிகை, விடுமுறை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஒரு 35 நாள் கழியுங்கள்: 226. அந்த 226 நாளும் காசு வரும் வேலை நடக்காது. கொட்டேஷன் எழுதுவது, மெயிலுக்குப் பதில் போடுவது, வராத பணத்தைத் துரத்துவது, போர்ட்ஃபோலியோவைப் புதுப்பிப்பது, புது மென்பொருள் கற்றுக்கொள்வது என்று எனக்கு பத்து நாளில் நான்கு நாள் இதிலேயே போகிறது. ஆக, கட்டணம் வாங்கும் நாள் சுமார் 135.

இப்போது செலவு. எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், மாத வீட்டுச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1200. கணினி, டேப்லெட், மென்பொருள் சந்தா, இணையம் போன்ற தொழில் செலவு 250. வரி, மருத்துவம், சேமிப்பு 350. மொத்தம் 1800. இதை 135ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 13.3 வருகிறது. ஆரம்பத்தில் நான் செய்தது போல மாதச் செலவை 30ஆல் வகுத்திருந்தால் 3.3 என்று வந்திருக்கும். நான்கு மடங்கு வித்தியாசம். "நல்லாத்தான் வேலை வருது, கையில ஒண்ணும் நிக்கலையே" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வகுத்தலைத்தான்.

உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். வருவது உங்கள் தரைத்தொகை. கொட்டேஷனில் எழுதுவது அது இல்லை, அதற்குக் கீழே கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்கான கோடு. கேட்கும் தொகை அதைவிட மேலே இருக்கும்.

இன்னொன்றையும் முன்பே யோசித்து வையுங்கள்: இந்தப் பேச்சு முறிந்தால் உங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? பேரம் பற்றிப் பாடம் நடத்துபவர்கள் இதை "பாட்னா" என்பார்கள். ஊர் இல்லை, சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். பேச்சு முறிந்தால் மிஞ்சும் வழிகளில் சிறந்தது எதுவோ அது. கையில் இன்னொரு வேலை இருப்பவர் பேசும் தொனியே வேறு. மூன்று மாத வீட்டுச் செலவு வங்கியில் இருந்தாலும் அதே தொனி வரும். பேரத்தில் தைரியம் என்று வெளியே தெரிவது பாதிக்குமேல் இந்தச் சேமிப்புதான் என்பது என் அனுபவம்.

2. முதல் பேச்சில் தொகை சொல்லாதீர்கள்

"ஒரு லோகோ பண்ணணும், தோராயமா எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இன்னொரு கேள்வி.

"பண்ணிடலாம். என்ன தேவைன்னு தெரிஞ்சாதான் சரியான தொகை சொல்ல முடியும். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

இதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இந்த வேலை இப்போது ஏன் தேவைப்படுகிறது? படம் எங்கெல்லாம் போகப்போகிறது, அச்சிலா, இணையத்திலா, பொருளின் பெட்டியிலா? எவ்வளவு காலத்துக்கு? எப்போது வேண்டும், அந்தத் தேதிக்கு என்ன காரணம்? கண்காட்சி தொடங்கும் நாளும், "சும்மா மாசக் கடைசிக்குள்ள" என்பதும் ஒன்றில்லை. முதல் வகைத் தேதியை நகர்த்த முடியாது, அவசரக் கட்டணம் கேட்கலாம். இரண்டாவது வகையில் நாள் உங்கள் கையில் இருக்கும் ஒரு சீட்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியைத்தான் புதியவர்கள் கேட்பதே இல்லை: "கடைசியில் சரி சொல்லப்போவது யார்?" ஒருமுறை ஒருவரிடம் மட்டுமே ஐந்து வாரம் பேசி, அவர் திருப்தியோடு தலையாட்டிய படங்களை அனுப்பிவைத்தேன். ஆறாவது வாரம் அவருடைய மேலதிகாரி முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பாணியே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்: முதல் ஓவியக் குறிப்பை, அதாவது தோராயமான வரைவை, இறுதி முடிவு எடுப்பவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்த கட்டம்.

அப்புறம், "இதுக்கு எவ்வளவு ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். "நீங்க சொல்லுங்க" என்பார்கள். சரி, கேட்டதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மீதிப் பேர் ஒரு தொகை சொல்வார்கள், அது நீங்கள் நினைத்ததைவிட மேலே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பேசி முடித்ததும், "நாளைக்குள்ள எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வையுங்கள். அந்த இடத்திலேயே தொகை சொல்லும்படி உங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

3. நேரத்துக்கா, வேலைக்கா, பயன்பாட்டுக்கா?

மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவதில் ஒரு கோளாறு இருக்கிறது. கை பழகப் பழக வேகம் கூடும், வேகம் கூடக் கூட வருமானம் குறையும். ஓவியர் விஸ்லர் 1878இல் லண்டன் நீதிமன்றத்தில் இதைத்தான் எதிர்கொண்டார். தன் படத்தை இழித்து எழுதிய விமர்சகர் மீது அவர் போட்ட வழக்கு அது. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) கேட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். இல்லை, வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற அறிவுக்கு என்றார் விஸ்லர். பதில் அபாரம். வழக்கிலும் வென்றார். ஆனால் கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவு தாங்காமல் அடுத்த வருடமே திவாலானார். ஆகவே கிளையன்டிடம் இந்த வசனத்தைப் பேசி ஜெயிக்கலாம் என்று நம்பாதீர்கள். நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றீர்கள் என்பது அவர் கவலை இல்லை. படம் அவருக்கு என்ன செய்யும் என்பதுதான் அவர் கவலை.

இதற்கு மறுபக்கம் நைக்கி காலணி நிறுவனத்தின் லோகோவான அந்தச் சிறகு வளைவு. 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி அதை வரைந்து, மணிக்கணக்குப் போட்டு 35 டாலர் பில் கொடுத்தார். 1983இல் நிறுவனம் அவரை அழைத்து மோதிரமும் பங்குகளும் பரிசளித்தது. பரிசு என்பதைக் கவனியுங்கள். கொடுத்தார்கள், கொடுக்காமல் இருந்திருந்தாலும் கேட்க முடிந்திருக்காது. அப்போது அது ஒரு சின்ன நிறுவனம், அவர் கேட்டதும் நியாயமான கூலிதான். ஆனால் உழைத்த மணி நேரத்துக்கும் அந்தக் கோடு பின்னால் பெற்ற பயன்பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் கலந்து செய்கிறேன். என் நாள் கணக்கு எனக்குள்ளேயே இருக்கும், கிளையன்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. கொட்டேஷனில் வேலைக்கு ஒரு தொகை, பயன்பாட்டுக்கு ஒரு தொகை என்று இரண்டு வரி இருக்கும். ஒரே படம்தான். ஒரு வலைப்பக்கத்தில் ஆறு மாதம் இருப்பதற்கு ஒரு விலை, ஐந்து வருடம் பொருளின் பெட்டியில் அச்சாவதற்கு வேறு விலை. இப்படிப் பிரித்து எழுதினால் பின்னால் பேரத்தில் பெரிய வசதி: "விலையைக் குறைங்க" என்றால் வரைந்த கையைக் குறைக்காமல் பயன்பாட்டைக் குறைக்கலாம்.

4. தொகையைச் சொல்லும் தருணம்

1974இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள், ஓர் எண்ணில் நிற்கும். அப்புறம், ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் முதலில் காதில் விழுந்த எண் மனதை இழுத்துக் கட்டிவிட்டது.

இதை வைத்து "எப்போதும் நீங்களே முதலில் தொகை சொல்லுங்கள்" என்று பலர் சொல்வார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த வகை வேலைக்குச் சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். தெரியாத துறை, தெரியாத அளவு என்றால் அவர் வாயைக் கிளறுங்கள். என் முதல் வருடப் போன் அழைப்பில் நான் முந்திக்கொண்டு சொன்ன எண் என் கழுத்துக்கே கயிறானது.

தொகை சொல்லும்போது இரண்டு தவறுகளைத் தவிர்த்தால் போதும். (இனி வரும் தொகைகள் வெறும் உதாரணம், முதல் படியில் போட்ட கணக்கோடு சேர்க்க வேண்டாம்.) ஒன்று, "80லிருந்து 120 வரைக்கும் ஆகும்" என்று இடைவெளி கொடுப்பது. நீங்கள் 120ஐ நினைத்துச் சொல்வீர்கள், அவர் காதில் 80 மட்டும்தான் விழும். இரண்டு, சொன்ன கையோடு சமாதானம் பேசுவது: "100 ஆகும்... ஆனா பாத்துப் பண்ணிக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல." அவர் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் நாமே இறங்கி வந்துவிட்டோம்.

"இந்த வேலைக்கு 100 ஆகும். அதில் இரண்டு சுற்றுத் திருத்தமும் ஒரு வருடப் பயன்பாடும் அடங்கும்." அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். அந்த ஏழு நொடி ஏழு நிமிடம் போல இருக்கும். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது எண்ணில் அவரே பேசிவிடுவார்.

மெயிலில் அனுப்புவதானால் மூன்று விதமாக எழுதி அனுப்பலாம்: 70க்குக் குறைந்த அளவு, 100க்கு அவர் கேட்டது, 160க்குக் கூடுதல் அளவும் நீண்ட உரிமையும். "வேணுமா வேண்டாமா" என்ற கேள்வி "இதில் எது" என்று மாறிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: 70க்கான வேலை உண்மையிலேயே சின்னதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 70லேயே திணித்துவிட்டு 100ஐ யார் எடுப்பார்கள் என்று கேட்டுப் பயனில்லை.

விலையில் மூன்று விதம் கொடுங்கள் என்கிறேனே தவிர, படத்தில் இல்லை. 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு லோகோ வேண்டும் என்று புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பால் ராண்டிடம் போனார். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று கேட்டார். உங்கள் பிரச்சினையைத் தீர்த்துத் தருவேன், நீங்கள் பணம் தருவீர்கள், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம், பல மாதிரிகள் வேண்டுமென்றால் வேறு ஆட்களிடம் போங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார் ராண்ட். கட்டணம் ஒரு லட்சம் டாலர். ஜாப்ஸ் ஒப்புக்கொண்டார். நாம் ராண்ட் இல்லை, இப்படிப் பேசினால் நடையைக் கட்டச் சொல்வார்கள். ஆனால் ஐந்து மாதிரி வரைந்து ஒன்றுக்குக் காசு வாங்கும் வழக்கம் நாமே நம் தலையில் கட்டிக்கொண்டது என்பதற்கு இந்தக் கதை உதவும். ஒன்றோ இரண்டோ போதும். கூடுதல் மாதிரி கூடுதல் கட்டணம்.

5. "கொஞ்சம் அதிகமா இருக்கே"

பேரம் ஆரம்பிப்பது இங்கேதான். இந்த வார்த்தையைக் கேட்டதும் வேலை போய்விட்டது என்று பதற வேண்டாம். வேலை வேண்டாம் என்பவர் பதிலே போட மாட்டார். அதிகம் என்று சொல்பவர் இன்னும் அறைக்குள்தான் இருக்கிறார்.

முதலில் கேளுங்கள்: "எதோட ஒப்பிட்டு அதிகம்னு சொல்றீங்க?" எரிச்சல் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் குரலில். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். பட்ஜெட் அவ்வளவுதான், அல்லது வேறொருவர் குறைவாகச் சொன்னார், அல்லது சும்மா கேட்டுப்பார்க்கிறார்.

பட்ஜெட் உண்மையிலேயே குறைவு என்றால், ஒரு பேச்சு இப்படிப் போகும்:

"எங்களால 70தான் முடியும்."

"சரி, 70க்குள்ள கொண்டுவர முடியுமான்னு பார்ப்போம். பன்னிரண்டு படத்துல எது எது இல்லாம முடியாது?"

"எட்டு இருந்தாப் போதும்னு நினைக்கிறேன். ஆனா அட்டை வேணும்."

"எட்டுப் படம், அட்டை, ஒரே ஒரு சுற்றுத் திருத்தம். இணையத்துல மட்டும் ஒரு வருஷம். அச்சுக்குப் போகணும்னா அப்போ தனியா பேசிக்கலாம். இப்படின்னா 70க்கு முடியும்."

இதில் "முடியாது" என்ற சொல் எங்கேயும் வரவில்லை. தொகை இறங்கியது, கூடவே மூன்று விஷயங்கள் இறங்கின. மாறாக, அதே பன்னிரண்டு படத்தை 70க்குச் செய்துகொடுத்தால் கிளையன்டுக்கு என்ன தோன்றும்? "அப்போ முதலில் சொன்ன 100 சும்மா ஏத்திச் சொன்னதுதானே?" அடுத்த முறை 70லிருந்து பேரம் தொடங்கும். காரணமில்லாமல் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அதற்கு முன் நீங்கள் சொன்ன சொல்லைப் பொய்யாக்குகிறது.

விட்டுக்கொடுக்க வேறு சீட்டுகளும் உண்டு. நாளைத் தளர்த்தச் சொல்லலாம், முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கலாம், நான்கு மாத வேலைக்கு இப்போதே கையெழுத்துக் கேட்கலாம். இவையெல்லாம் எனக்கு உண்மையிலேயே மதிப்புள்ளவை. முழு முன்பணம் தருபவருக்குப் பத்து சதவீதம் குறைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, பின்னால் துரத்தும் வேலை மிச்சம்.

வேறொருவர் பாதி விலைக்குச் செய்கிறார் என்றால், அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். "அந்த விலைக்கு உங்களுக்குத் தேவையானது கிடைக்குதுன்னா அவர்கிட்டயே பண்ணுங்க. என் விலையில என்னென்ன அடங்கும்னு எழுதி அனுப்பறேன், ஒப்பிட்டுப் பாருங்க." பலர் திரும்பி வருவார்கள். வராதவர்கள் விலை மட்டுமே பார்ப்பவர்கள், அவர்களோடு எந்த வேலையும் நிம்மதியாக முடிந்ததில்லை.

"இதுல காசு இல்ல, ஆனா நிறைய பேர் பார்ப்பாங்க." இதற்கு நான் நீண்ட விளக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். "காசில்லாம வருஷத்துக்கு ஒரு வேலை பண்றேன், இந்த வருஷத்துது முடிஞ்சது." உண்மையும் அதுதான், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

6. படத்தை விற்கிறீர்களா, உரிமையையா?

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். பணம் அதிகம் கைவிட்டுப் போவது இங்கேதான்.

1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் படைத்த காமிக்ஸ் நாயகன் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பின்னால் பல வருடம் வழக்கு, வறுமை. 1975இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற இடத்தில் அவர்கள் பெயரும் கிடைத்தன. அதுவும் ஊடகங்களில் பேச்சு எழுந்த பிறகு.

ஒரு படத்தைக் கொடுப்பதும் அதன் பதிப்புரிமையைக் கொடுப்பதும் தனித்தனி. மூல ஓவியத்தை வாங்கிச் சுவரில் மாட்டியவருக்கு அதைக் காலண்டராக அச்சடிக்கும் உரிமை தானாகப் போய்விடாது என்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டம். பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தம் இன்று உலகின் பெரும்பாலான நாடுகளைக் கட்டுகிறது. 1928இல் அதில் சேர்த்த ஒரு பிரிவின்படி, வருமானம் தரும் உரிமைகளை விற்ற பிறகும் "இதைப் படைத்தவர் நான்" என்று கோரும் உரிமை கலைஞரிடமே இருக்கும். ஆர்டரின் பேரில் செய்யும் வேலையில் உரிமை யாருக்கு என்பது மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும்.

உரிமம் கொடுக்கும்போது நான்கு எல்லைகளைக் குறியுங்கள்: எந்த ஊடகம், எந்தப் பகுதி, எவ்வளவு காலம், அவருக்கு மட்டுமா இல்லை நீங்கள் மற்றவருக்கும் தரலாமா. ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுதும், நிரந்தரமாக" என்று வந்தால் அது அச்சுப் பிழை இல்லை, யாரோ ஒரு வக்கீல் யோசித்து எழுதியது. கோபப்படாமல் கேளுங்கள்: "இதுல உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படறது எது?" பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது, பழைய ஒப்பந்தத்தை எடுத்து அப்படியே அனுப்பியிருப்பார். ஒரு வலைப்பக்கத்துக்கு இரண்டு வருடம் போதும் என்று முடியும். இல்லை, எல்லாமே வேண்டும் என்றால் கொடுக்கலாம், விலை பல மடங்கு.

இப்போதெல்லாம் இன்னும் மூன்று வரிகளைத் தேடிப் பார்க்கிறேன். படங்களை ஏஐ மாதிரிகளுக்குப் பயிற்சிப் பொருளாகத் தரலாம் என்று இருக்கிறதா? என் போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி இருக்கிறதா? சோர்ஸ் ஃபைலையும், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், சேர்த்துக் கேட்கிறார்களா? அடுக்கடுக்காகப் பிரித்த சோர்ஸ் ஃபைல் என்பது சமைத்த சாப்பாடு இல்லை, சமையலறையே. கேட்டால் தனி விலை.

7. திருத்தம் என்ற புதைகுழி

"ரெண்டு திருத்தம்" என்று எழுதினால் போதாது. திருத்தம் என்றால் என்ன என்றும் எழுத வேண்டும். என் வரையறை: ஒரு சுற்று என்பது எல்லோருடைய கருத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறை அனுப்புவது. திங்கட்கிழமை ஒருவர் நிறம், புதன்கிழமை இன்னொருவர் மூக்கு என்று வந்தால் அது இரண்டு சுற்று. ஒப்புக்கொண்ட குறிப்பிலிருந்து மாறி "பையனுக்குப் பதிலா பூனை போடலாமே" என்றால் அது திருத்தமே இல்லை, புதுப் படம்.

எல்லை தாண்டும்போது முதல் முறையே சொல்லிவிட வேண்டும். "இது மூன்றாவது சுற்று, ஒப்புக்கொண்டதைத் தாண்டி வருகிறது. செய்துவிடலாம், கூடுதலாக இவ்வளவு ஆகும், இரண்டு நாள் தள்ளிப் போகும். ஆரம்பிக்கட்டுமா?" நான்கு சுற்று சும்மா செய்துவிட்டு ஐந்தாவதில் கணக்குக் கேட்டால், அவருக்கு நீங்கள் திடீரென்று மாறிவிட்டதாகத்தான் தோன்றும்.

எல்லை தாண்டுவது எப்போதும் கிளையன்ட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடியும் விஸ்லர்தான். 1876இல் லேலண்ட் என்ற கப்பல் முதலாளியின் வீட்டுச் சாப்பாட்டறையில் சில மாற்றங்கள் செய்ய ஒப்புக்கொண்டார். முதலாளி வெளியூரில். விஸ்லர் உற்சாகத்தில் விலையுயர்ந்த தோல் சுவர் முழுவதும் நீலமும் பொன்னுமாக மயில்களை வரைந்து தள்ளிவிட்டு 2000 கினி கேட்டார். லேலண்ட் கேட்டதில் பாதியைக் கொடுத்தார், அதையும் கினியில் இல்லாமல் பவுண்டில். கனவான்களின் தொழிலுக்குக் கினி, கடைக்காரர்களுக்குப் பவுண்ட் என்பது அந்தக் கால வழக்கம். அவமானம் தாங்காத விஸ்லர், காலடியில் காசு சிதறிக் கிடக்க இரண்டு மயில்கள் சண்டையிடும் காட்சியை அதே அறையில் வரைந்துவிட்டுப் போனார். அந்த அறை இன்று வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உலகமே பார்த்து வியக்கிறது. ஆனால் வேலை முடிந்த பிறகு விலை பேசியவர் அவர்தான். கேட்காததை ஆசையாகச் செய்துவிட்டுக் காசு எதிர்பார்க்கும் குணம் கலைஞர்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. எனக்கும் உண்டு.

8. எழுத்தில் கொண்டுவாருங்கள்

போனில் பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு மெயில். சட்ட மொழி தேவையில்லை:

"வணக்கம். இன்று பேசியபடி: எட்டுப் படங்கள், ஓர் அட்டை. முதல் குறிப்பு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரம். ஒரு சுற்றுத் திருத்தம். இணையத்தில் மட்டும் ஒரு வருடப் பயன்பாடு. கட்டணம் 70, பாதி முன்பணம், மீதி இன்ன தேதிக்குள், இறுதிக் கோப்புகளுக்கு முன். நடுவில் நிறுத்தினால் அதுவரை முடிந்த வேலைக்கான தொகை உண்டு, முன்பணம் திரும்பாது. சரி என்றால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள், இன்வாய்ஸ் அனுப்புகிறேன்."

முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதீர்கள். பெரிய வேலை என்றால் 40, 30, 30 என்று மூன்றாகப் பிரிக்கலாம். கடைசித் தவணையை "முடிந்ததும்" என்று எழுதாமல் தேதியோடு எழுதுங்கள், "முடிந்தது" என்பதை யார் தீர்மானிப்பது என்று தகராறு வரும். இறுதிப் பணம் வரும்வரை குறைந்த தரத்தில், குறுக்கே பெயர் போட்ட படங்களைத்தான் காட்டுவேன்.

தேதி இல்லாத பேச்சு எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு, நியூயார்க் நகரம் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமே சாட்சி. 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதில் தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது அது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு வரிகளையும் உங்கள் மெயிலில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

9. பழைய கிளையன்ட், சொந்தக்காரர், நண்பர்

பழைய கிளையன்டிடம் விலை ஏற்றுவது புதியவரிடம் கேட்பதைவிடக் கடினம். பழகிய முகம் தடுக்கும். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், நடக்கும் வேலைக்குப் பழைய விலை, குறிப்பிட்ட தேதியிலிருந்து புது விலை. மன்னிப்பும் வேண்டாம், விலைவாசிப் புராணமும் வேண்டாம். "அடுத்த காலாண்டிலிருந்து என் கட்டணம் இவ்வளவு" என்றால் போதும். என் அனுபவத்தில் போனவர்கள் நான் பயந்ததைவிடக் குறைவு.

சொந்தக்காரர், நண்பர் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: ஒன்று முழுக் கட்டணம், இல்லை முழு இலவசம். பாதி விலை மட்டும் கிடையாது. பாதி விலைக்குச் செய்யும் வேலையில் அவர் தன்னை வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள்வார், நாம் உதவி செய்வதாக நினைத்துக்கொள்வோம். இலவசமாகச் செய்தாலும் இன்வாய்ஸ் அனுப்புகிறேன். முழுத் தொகையும், அதற்குக் கீழே நூறு சதவீதத் தள்ளுபடியும். எவ்வளவு பெறுமான பரிசு என்று அவருக்கும் தெரியட்டும்.

10. வேண்டாம் என்று சொல்வது

தரைத்தொகைக்குக் கீழே போய், குறைக்க வேலையும் இல்லை என்றால் விலகுங்கள். விலகும்போது கதவைச் சாத்தாதீர்கள்: "இந்தத் தொகைக்கு இந்த அளவு வேலையை என்னால் நன்றாகச் செய்ய முடியாது. பின்னால் தேவையோ தொகையோ மாறினால் சொல்லுங்கள்." யாரையாவது சிபாரிசு செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

இதெல்லாம் படிக்கும்போது சுலபம், போன் அடிக்கும்போது மறந்துவிடும். ஆகவே உங்கள் தொகையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், அது நடிப்பாகிவிடும். ஒரு நண்பரைப் போனில் கூப்பிட்டு, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தொகையைச் சொல்லிவிட்டு எத்தனை நொடி சும்மா இருக்க முடிகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் எனக்கு இரண்டைத் தாண்டவில்லை.